அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

நான் ஒரு முட்டாள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போய் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். சாதாரண முட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை. அழகாகக் கோடு போட்டு, கட்டம் கட்டி, கீழே கையெழுத்தும் போட்டு முட்டாள்தனம் செய்தவன் நான். எங்கள் எஸ்டேட்டில் இருக்கும் ஆபத்தான பொருட்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். போட்டேன். யாரும் கேட்காத ஒரு கட்டத்தை அதில் நானாகச் சேர்த்தேன். அந்தக் கட்டத்தில் நானாக ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரி, எங்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுக்கும் அக்காவின் கடையைத் தூக்கிவிடப் பார்த்தது.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் ஓர் இரும்பு கேட் முன்னால் இறங்கினால் எங்கள் காப்பி எஸ்டேட். நான் அங்கே ரைட்டர். ஆள் கணக்கு, உரக் கணக்கு, மிளகு எத்தனை மூட்டை, ஜீப்புக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று எழுதி வைப்பவருக்கு மலையில் அந்தப் பெயர். என் மனைவியின் உறவினர்கள் சமவெளியில், ‘மாப்பிள்ளை ரைட்டராமே, என்ன கதை எழுதியிருக்கார்?’ என்று கேட்பதுண்டு. நான் மறுப்பதில்லை. மழைநாளில் ஆள் கணக்கு எழுதுவதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டியிருக்கிறது.

பட்டியல் விஷயம் இப்படித் தொடங்கியது. எங்கள் காப்பியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சான்றிதழ் கேட்டார்கள். தோட்டம் ஒழுங்காக நடக்கிறது, தொழிலாளிக்கு ஆபத்தில்லை என்று ஒருவர் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். அதற்கு முதல் படி இந்தப் பட்டியல். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எதையும் சத்தமில்லாமல் சொல்கிற மனிதர். செலவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் ஒரு பெருமூச்சு வரும்.

“ரைட்டரே, விஷமோ, எரியறதோ, கண்ணுல பட்டா எரிச்சல் குடுக்கறதோ, எதுவா இருந்தாலும் எழுதுங்க. பேரு, எவ்வளவு இருக்கு, எப்பக் காலாவதி, எங்க வெச்சிருக்கோம். ஒண்ணுகூட விடக்கூடாது.”

ஒண்ணுகூட விடக்கூடாது என்று என்னிடம் சொல்லவே கூடாது. ஆபீசிலிருந்து தொடங்கினேன். எழுத்தை அழிக்கும் வெள்ளை மை, எறும்புச் சாக்பீஸ், ஜெனரேட்டர் பேட்டரியின் அமிலம், புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோல், கக்கூஸ் கழுவும் அமிலம், பினாயில். பிறகு பங்களாவுக்குப் போய், சமையற்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மேனேஜரின் குளியலறை அலமாரியையும் எழுதினேன். மறுநாள் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்த மேனேஜர் ஒரு வரியில் நின்றார்.

“இது எதுக்குங்க?”

“தலைச் சாயங்க சார். கண்ணுல பட்டா எரியும்னு அட்டையிலேயே போட்டிருக்குங்க.”

சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். அவர் தலைமுடியின் கறுப்பு பற்றி எஸ்டேட்டில் நெடுநாளாக இருந்துவந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சமையற்காரர் சொல்லிவிட்டார்.

உண்மையான வேலை மருந்து ரூமில் இருந்தது. எங்கள் பக்கம் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். ஆகவே பூச்சிக்கொல்லி வைக்கும் அறைக்குப் பெயர் மருந்து ரூம். மருந்தடிக்கும் ஆட்களின் மேஸ்திரியும் நானும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போனோம். தண்டு துளைக்கும் புழுவுக்கு அடிக்கும் மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து, கந்தகத் தூள், பிளீச்சிங் பவுடர், மிளகுக்கொடிக்கும் காப்பிக்கும் அடிக்கச் சுண்ணாம்போடு கலக்கும் மயில்துத்தம். எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, எடை போட்டு, தேதி பார்த்து எழுதினோம். மூலையில் ஒரு பிராந்தி பாட்டிலில் பழுப்பு நிறத்தில் என்னவோ இருந்தது. சீட்டு இல்லை.

“இது என்னங்க மேஸ்திரி?”

“தெரியலீங்களே. மோந்து பாத்தாத் தெரிஞ்சிரும்ங்க.”

“நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்.”

“எனக்கு ரெண்டு நாளா சளிங்க. நீங்க பாருங்க.”

இரண்டு பேருக்கும் உயிர் வெல்லமாக இருந்ததால், ‘பெயர் தெரியாத திரவம், அரை பாட்டில், தொடக்கூடாது’ என்று எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பட்டியலில் நான் எழுதியதிலேயே புத்திசாலித்தனமான வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

முட்டாள்தனமான வரிக்கு வருகிறேன். அது புரிய எங்கள் மலையின் ஈரத்தைப் பற்றி நான் சொல்லவேண்டும். மழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தீப்பெட்டி நமுத்துப்போகும். அப்பளம் துணியாகிவிடும். உப்பு ஜாடியில் உப்புக்குப் பதில் தண்ணீர் இருக்கும். மயில்துத்தம் கட்டி தட்டி, கல்லுடைக்கிறவரைக் கூப்பிட வேண்டியதாகிவிடும். பிளீச்சிங் பவுடர் கூழாகும். ஆனால் எங்கள் மருந்து ரூமில் எதுவும் நமுத்ததில்லை. காரணம் அதன் பின்சுவர்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் டீக்கடை. கடை என்றால் நான்கு தகரம், ஒரு பெஞ்சு, ஒரு விறகடுப்பு. அடுப்பு சுவரோடு ஒட்டியிருக்கும். விடிவதற்கு முன்னால் மூட்டினால், காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் மூட்டையை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்வரை எரியும். அந்தப் பக்கம் டீ கொதிக்க, இந்தப் பக்கம் மயில்துத்தம் காயும். இதை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நான் வேலைக்கு வந்தபோதே அலமாரிகளெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தன. மருந்து மட்டுமா? ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு அடிக்கும் பறையின் தோல் விறைப்பாக இருக்க அதை அங்கேதான் மாட்டியிருந்தார்கள். மேஸ்திரியின் மழைக்கோட்டு அங்கே. கந்தக மூட்டைக்கு மேலே ஆணியில் தொங்கிய ஒரு ஜோடி சாக்ஸ் யாருடையது என்று ஆய்வின்போது கேட்டார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இப்படி ஓர் ஏற்பாட்டை எழுதாமல் விடலாமா? ‘கெடாமல் காக்கும் முறை’ என்று ஒரு புதுக் கட்டம் போட்டு எழுதினேன்: ‘டீக்கடை அடுப்புச் சுவரின் சூட்டில் ஆண்டு முழுவதும் உலர்வாக வைக்கப்படுகிறது. செலவு இல்லை.’ செலவு இல்லை என்பதற்குக் கீழே மேனேஜரின் மகிழ்ச்சிக்காக ஒரு கோடு.

ஆய்வுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி, செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்காமல் நடந்து வந்தார். அவரை எதிர்கொள்ளப் போன எனக்குத்தான் வாங்கியது. ஆபீசில் உட்கார்ந்து என் பட்டியலைப் பொறுமையாகப் படித்தார்.

“இவ்வளவு ஒழுங்கா ஒரு பட்டியல நான் பாத்ததே இல்லைங்க சார்” என்றார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

“இந்த ‘அடுப்பு’ன்னு எழுதியிருக்கீங்களே, அது நிஜமாவே அடுப்பா?”

“அசல் அடுப்புங்கம்மா! விறகடுப்பு. வாங்க, காட்டறேன்.”

கல்யாண வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கூட்டிக்கொண்டு போனேன்.

மருந்து ரூமுக்குள் வந்ததும் அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கந்தக மூட்டையைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த டார்ச்சை மேலே தூக்கி அடித்தார். சுவர் கூரைவரை போகவில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அன்றைக்கு நாங்கள் மூட்டைகளை நகர்த்தியிருந்ததால் அறையில் தூசி எழும்பியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது மெல்ல மெல்ல மேலே போய், அந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது.

“மேல சுவர் இல்லையே சார்.”

“காத்தோட்டத்துக்குங்க” என்றேன். இதையும் அந்தக் கட்டத்தில் சேர்த்திருக்கலாமே என்று அந்த நொடியில்கூட எனக்குத் தோன்றியது. முட்டாள் என்று முதலிலேயே சொன்னேனே.

அவர் வெளியே போய், சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். பின்னாலேயே நாங்கள். அடுப்பின் மேல் பால் பொங்கி நின்றது. மூடி இல்லை. அக்கா டீ வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தார். வந்தவர் முந்திக்கொண்டு, சுவரைக் காட்டி, மேலே காட்டி, பாலைக் காட்டி, விஷயத்தை நான்கைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எங்கள் எஸ்டேட் டீக்கு ஒரு தனி மணம் உண்டு. மாரமங்கலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் அந்த மணத்துக்காகவே இன்னொரு டம்ளர் கேட்பார்கள். விறகுப் புகையின் மணம் என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஒருவேளை விறகாகவே இருக்கலாம். இனி அதை எப்படித் தெரிந்துகொள்வது?

அக்காவும் அதையேதான் கேட்டார். “ஏனுங்கம்மா, அப்ப இத்தன நாளா இதுல உழுந்துட்டு இருந்துச்சுங்களா?”

“தெரியலீங்க. விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். என்னன்னு தெரியாதத யாரும் குடிக்கக் கூடாதுங்க.”

அக்கா முந்தானையால் பிடித்துப் பால் பாத்திரத்தை இறக்கினார். வாசலுக்குக் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தார். திரும்பி வந்து சர்க்கரை டப்பாவை எடுத்துப் போய்க் கொட்டினார். பிறகு டீத்தூள். பாலை நக்க ஓடிவந்த நாயைக் கரண்டியோடு விரட்டினார். “நீயும் குடிக்காத, போ அக்கட்டால!” பெஞ்சில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கு வந்தவர் மேனேஜரிடம் தெளிவாகச் சொன்னார். சாப்பாடும் விஷமும் ஒரே சுவரில் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று போகவேண்டும். அறுவடை முடிவதற்குள் மறுபடி வருவார். அப்போதும் இப்படியே இருந்தால் சான்றிதழ் இல்லை.

அவர் பஸ் ஏறியதும் மேனேஜர் முடிவெடுத்தார். “நாலு தகரம்தானே? கழட்டிக் கொண்டுபோய் கேட்டுக்கு வெளிய பஸ் நிக்கற எடத்துல போட்டுக்கட்டும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட் இருப்பது மேட்டில். பழம் பறிக்கிறவர்கள் இருப்பது பள்ளத்தில். டீக்கு விடும் நேரத்தில் மேட்டில் ஏறினால், டீயை வாங்கும்போதே திரும்பி இறங்கச் சொல்லி விசில் அடித்துவிடுவார்கள். ஒருவரும் ஏறமாட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேரை நம்பிக் கடை நடத்த முடியாது. அக்காவின் மகள் சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பும் இந்த அடுப்பில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. கடை மேட்டுக்குப் போனால் அது பாதியில் நிற்கும். இது மேனேஜருக்குத் தெரியாமல் இல்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வழக்கம்போல டீக்குப் போனேன். மருந்து ரூமைப் பூட்டி, சுவர் இடைவெளியைத் தார்ப்பாயால் இறுக்கி அடைத்திருந்தார் மேஸ்திரி. அடுப்பைக் கடையின் முன்பக்கம் மூன்று கல் வைத்து மூட்டியிருந்தார் அக்கா. பாத்திரம் எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னியது.

“ரைட்டருக்கு டீ இல்லீங்க.”

“ஏனுங்க அக்கா?”

“கேட்டதுக்கு எழுதுனாப் பத்தாதுங்களா? கேக்காததயெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க?”

“நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க...”

“உங்க நல்லதுல என்ற அடுப்பு அணையுதுங்க.”

பெஞ்சில் இருந்த மேஸ்திரி டம்ளருக்குள் சிரித்தார். அக்கா அவரையும் விடவில்லை. “நீங்க என்னங்க சிரிக்கறீங்க? ரெண்டு பேருமா மூக்குல துணியக் கட்டீட்டு அந்தப் பக்கம் போனீங்க. இந்தப் பக்கம் நான் மூக்க மூடாம நின்னுட்டு இருக்கறேன். ஒரு வார்த்த சொன்னீங்களா? சொவத்துக்கு அக்கட்ட என்ன கெடக்குதுன்னு கோயமுத்தூருப் புள்ள வந்து சொல்ல வேண்டியிருக்குது.”

கடல் தாண்டி இருப்பவர்கள் படிக்கவென்று இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அதில் ஒரு வரிகூடப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். அது என்ன பட்டியல்?

ஆபீசுக்குப் போய்ப் பட்டியலை எடுத்துவந்தேன். டீ இல்லாமலே நின்றுகொண்டு முதலிலிருந்து படித்தேன். அக்கா போண்டாவைத் திருப்பிக்கொண்டே கேட்டார். நடுநடுவே நிறுத்தினார். “கந்தகமுங்களா? பத்திக்குமா?” “பத்திக்கும்ங்க.” “அத என்ற அடுப்புக்கு அக்கட்டாலயா வெச்சீங்க?” “ஆமாங்க.” “அடப்பாவமே. அடுத்தது படிங்க.” பழக்கதோஷத்தில் அடித்திருந்த வரியையும் படித்துவிட்டேன். தலைச் சாயம் என்றதும் அக்காவின் கரண்டி ஒரு நொடி நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அது ஊருக்கே தெரியுங்க. மேல படிங்க” என்றார்.

படித்து முடித்ததும் கேட்டேன். “இப்ப என்னங்க அக்கா பண்றது?”

“நான் எதுக்குங்க போகோணும்? நான் டீ விக்கறேன். போக வேண்டியது அதுங்க.”

இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக என்னால் ஒன்றை எழுத முடிந்திருந்தால் நான் நிஜமாகவே கதை எழுதப் போயிருப்பேன். கடை அசையாது, மருந்துதான் போகவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அதிகாரம் இல்லை என்பதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மருந்து எங்கே போகும்? காய்ந்த இடமாக இருக்கவேண்டும். பூட்ட முடியவேண்டும். குடியிருப்பும் கிணறும் அடுப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேஸ்திரியும் நானும் எஸ்டேட் முழுவதும் நடந்து பார்த்துவிட்டு மேனேஜரிடம் போனோம். நான் ஒவ்வொரு கட்டடமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பழத்தின் தோலுரிக்கும் ஷெட்டில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது. ஜீப் ஷெட்டில் டீசல். காப்பி மூட்டை அடுக்கும் கிடங்கு நல்ல காய்ந்த இடம்தான், ஆனால் காப்பிக் கொட்டை பக்கத்தில் இருப்பதன் வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

“கந்தக வாடையோட காப்பியக் குடிச்சாங்கன்னா, வெளிநாட்டுக்காரங்க சான்றிதழ் கேக்க மாட்டாங்க சார், ஆள் அனுப்புவாங்க” என்றேன்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “அப்ப புதுசா ஒரு ரூம் கட்டணும்னு சொல்றீங்க. செலவு.”

இங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். வாயை மூடுவது எனக்குப் பிறவியிலேயே வராத கலை. மேனேஜருக்கு ஈரத்தின் கொடுமையைப் புரியவைக்கிறேன் பேர்வழி என்று தொடர்ந்தேன். “இந்த எஸ்டேட்ல எந்த ரூமுமே சரியில்லீங்க சார். எல்லாமே ஊறிப்போன ரூமு. இருக்கறதுலயே என்ற ஆபீசு ஒண்ணுதானுங்க உருப்படி. தரைக்கு மேல பலகை அடிச்சது, காலைல இருந்து வெயிலு, கூரைக்குக் கீழயும் பலகை. அடை மழைல கூட என்ற காகிதம் நமுத்ததில்லீங்க. தள்ளி, தனியா, மேட்டுல இருக்குது. ஒரு ஈ காக்கா அக்கட்ட வராதுங்க.”

மேனேஜர் முதல்முறையாகக் கூரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“அப்படிங்களா?”

மேஸ்திரி மெதுவாக என் பக்கத்திலிருந்து நகர்ந்து நின்றுகொண்டார்.

அந்த வாரமே மருந்துக்கு இடம் விட்டு என் மேசை வெளியே வந்தது. பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதை நான் அடக்கமில்லாமலே சொல்வேன், ஏனென்றால் நடத்தியது நான். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டிரம்கள் வந்தன. தூள்களெல்லாம் அதற்குள் போயின. எரிவது ஓர் ஓரம், அதோடு சேரக் கூடாதது எதிர் ஓரம். பிராந்தி பாட்டிலை ஆய்வுக்காரப் பெண்ணிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன இடத்துக்கே, தனி டப்பாவுக்குள் வைத்து, ஜீப்பில் குழந்தையைப்போல மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மடி மேஸ்திரியுடையது. அவருக்குச் சளி சரியாகிவிட்டிருந்தது. பழைய மருந்து ரூமை முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் கழுவித் துடைத்துச் சுண்ணாம்பு அடித்துக் காலியாகப் பூட்டினார்கள். கொத்தனார் வந்து அடுப்புச் சுவரைத் தகரம்வரை எழுப்பினார். மேனேஜர் அதற்குச் செலவழித்த செங்கலை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே தடவிக்கொடுத்தார்.

பட்டியலில் ‘கெடாமல் காக்கும் முறை’ கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் இன்னொன்று போட்டேன்: ‘பக்கத்தில் யார்?’ மேனேஜர் இது யாரும் கேட்கவில்லையே என்றார். ஆமாங்க சார், கேட்கவில்லைதான் என்றேன். அவர் விட்டுவிட்டார். புதுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிப் புது மருந்து ரூம் கதவில் ஒன்று ஒட்டினோம். அக்கா கேட்டு வாங்கி, டீக்கடைத் தூணில் ஒன்று மாட்டிக்கொண்டார். தலைச்சோலையிலிருந்து வரும் ஒரு கிழவர் டீ குடிக்கும்போதெல்லாம் அதைச் சத்தமாக வாசிப்பார். எலி மருந்தின் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, தன் பேரன்மார் பெயரைவிட இது நல்லாயிருக்கிறதே என்றாராம்.

அறுவடை முடியும் தறுவாயில் ஆய்வுக்காரப் பெண் மறுபடி வந்தார். எல்லா இடமும் பார்த்தார். என் பழைய ஆபீசுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புதிய கட்டத்தைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். போகும்போது பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டார். அக்கா டம்ளரை வெந்நீர் ஊற்றிக் கழுவி, மூடியிருந்த பாலை எடுத்து ஊற்றி, நுரை தளும்பக் கொடுத்தார். மொத்த எஸ்டேட்டும் அந்தப் பெண் முதல் வாய் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. குடித்தார். “நல்லாருக்குங்க” என்றார். சான்றிதழ் வந்தது. கடை நின்றது. மகள் இரண்டாம் வருடத்துக்குப் போனாள். அந்தப் பழைய மணம் டீயில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. டீ மணம் இருக்கிறது.

இப்போது என் ஆபீசு, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் கொட்டகையில் இருக்கிறது. இரண்டு பக்கம் சுவர் உண்டு. மற்ற இரண்டு பக்கமும் மேகம். போன மழைக்கு என் நோட்டு தோசை மாவுபோல உப்பிவிட்டது. பேனா எழுதவில்லை, நீந்தியது. ஒரு நாள் காலையில், நனைந்த தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். சுவர் இப்போது கூரைவரை இருக்கிறது. அடுப்பு மறுபடி அதன் பழைய இடத்தில் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மேசை போடுகிற அளவுக்கு இடம் இருந்தது.

“அக்கா, உங்க கடைக்காக என்ற ஆபீசயே தூக்கிக் குடுத்தவனுங்க நான்” என்று ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி இருமினார். நான் அவரைப் பார்க்காமல் தொடர்ந்தேன். “நன்றியெல்லாம் வேண்டாமுங்க. அந்த மூலைல ஒரு சின்ன மேச. நான், என்ற நோட்டு, நாலு கட்டு காகிதம். அவ்வளவுதானுங்க. சூட்டுல நல்லாக் காயும். உங்களுக்கும் ஒரு பேச்சுத் துணை.”

அக்கா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். தூணில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

“அடுப்போரம் காகிதம் வெக்கக் கூடாதுங்க.”